தங்கவயலுக்குப் பிந்தி வந்த மீன்கண்

கோலார் தங்கவயலில் 120 ஆண்டுகளில் வெட்டி எடுத்த ஏறத்தாழ 800 டன் தங்கத்தில் பெரும்பங்கு ஒரே ரேகையிலிருந்து வந்தது. சாம்பியன் ரீஃப் என்று அதற்குப் பெயர். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் போகும் அந்தக் குவார்ட்ஸ் கல் ரேகையின் அகலம் சராசரியாக மூன்றடிதான். கல்லை வெட்டியவர்கள் அந்தச் சந்துக்குள்தான் நின்றார்கள், குந்தினார்கள், துளை போட்டார்கள், வெடி வைத்தார்கள்.

அங்கே ஒருவர் கேமராவோடு நுழைந்திருந்தால் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 மி.மீ. ஃபிலிம் கேமராவோடு வழக்கமாக வரும் 50 மி.மீ. லென்ஸ், மூன்றடி தள்ளி நிற்கும் ஆளைப் பார்த்தால் இரண்டடிச் சொச்சம் அகலத்தைத்தான் அள்ளும். தோளும் முகமும் கிடைக்கும். அவர் கையிலிருக்கும் டிரில்லோ, தலைக்கு மேல் தொங்கும் பாறையோ, பக்கத்தில் முட்டுக் கொடுத்திருக்கும் கல்லடுக்கோ கிடைக்காது. 28 மி.மீ. லென்ஸ் போட்டால் நாலடிக்குச் சற்றுக் குறைவு. பின்னால் நகரலாம் என்றால் பின்னாலும் பாறை. அந்த இடத்தை அந்த இடத்திலிருந்தே முழுதாகப் பிடிக்க ஒரு லென்ஸால்தான் முடியும்: 180 டிகிரியை ஒரே படத்தில் சுருட்டி வைக்கும் மீன்கண் லென்ஸ்.

இன்று அந்த லென்ஸ் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆட்டோஃபோகஸ் இல்லாமல், கையால் வளையம் திருப்பிப் பயன்படுத்தும் சீனத் தயாரிப்புகள் இணையக் கடைகளில் குவிந்திருக்கின்றன. பெங்களூரு ரயிலில் தினமும் வேலைக்குப் போய்த் திரும்பும் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை இளைஞர் ஒருவர் சம்பளத்தில் மிச்சம்பிடித்து வாங்கிவிடலாம். ஆனால் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டுவிட்டது. நீரேற்றும் பம்புகள் நின்றபின் ஷாஃப்டுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மீன்கண்ணின் வரலாறும் தங்கவயலின் வரலாறும் ஒரே நூற்றாண்டில் அக்கம்பக்கமாக நடந்தவை. சுரங்கத் தொழிலாளிக்கு அந்த லென்ஸ் மிக அதிகமாகத் தேவைப்பட்ட காலத்தில் அவருக்கு எட்டாத தூரத்திலேயே அது இருந்தது. இந்த இரண்டு வரலாறுகளையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், தங்கவயலைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் படங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பது புரியும்.

தங்கவயலின் நவீனக் கதை 1802-இல் லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற நில அளவை அதிகாரி ஊர்மக்கள் மண் அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்ததில் தொடங்குகிறது. எழுபது ஆண்டு கழித்து, மைக்கேல் லாவெல் என்ற ஓய்வுபெற்ற ராணுவ வீரர் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தது. அவர்களோடு இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருக்கும் கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளிகள் வந்தார்கள். கார்ன்வாலில் தாமிரமும் வெள்ளீயமும் நலிந்து ஊரே வெளியேறிக்கொண்டிருந்த காலம் அது. பாறையை உடைத்துச் சுமந்து மேலே அனுப்பும் வேலைக்கு வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்று சுரங்கங்கள் வரிசையாக எழும்பின. மேற்பார்வைக்குக் கார்ன்வால்காரர்களும் இத்தாலியர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும், காவலுக்குப் பஞ்சாபியர், அடியில் தமிழர் என்று அந்த ஊரின் அடுக்கு அமைந்தது.

கார்ன்வாலைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. சுரங்கத்துக்குள் ஒளிப்படம் எடுக்கும் கலையை முன்னுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அந்த ஊர்க்காரர்தான். கேம்போர்ன் நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜே. சி. பர்ரோ, டால்கோத், ஈஸ்ட் பூல், குக்ஸ் கிச்சன் முதலிய சுரங்கங்களுக்குள் பெட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சுண்ணாம்பு விளக்கையும் மக்னீசியத்தையும் எரித்து வெளிச்சம் உண்டாக்கி, தொழிலாளிகளை அசையாமல் நிற்கச் சொல்லிப் படம் பிடித்தார். 1893-இல் வில்லியம் தாமஸ் என்பவரின் விளக்கக் குறிப்புகளோடு அது புத்தகமாக வந்தது. உருக்குப்போல இறுகிய தொப்பியில் களிமண் உருண்டை அப்பி, அதில் மெழுகுவர்த்தி செருகிய ஆட்கள் அந்தப் படங்களில் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். கண்டிப்பான முகங்கள், ஈரத்தில் மினுங்கும் கைகள். அவர்களின் உறவுக்காரர்களும் ஊர்க்காரர்களும்தான் தங்கவயலில் கேப்டன்களாகவும் ஃபோர்மன்களாகவும் இருந்தவர்கள்.

அந்தப் புத்தகத்துக்கு இணையாகத் தமிழ்த் தொழிலாளியின் முகத்தை நேராகக் காட்டும் நூல் எதுவும் தங்கவயலிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. இன்று பரவலாகப் புழங்கும் பழைய படங்களில் இருப்பவை ஷாஃப்டின் தலைச்சக்கரங்கள், இயந்திரக் கொட்டகைகள், அதிகாரிகளின் பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம், மாலையிட்ட விருந்தினர்கள். நாடே பார்க்க விரும்பிய ‘குட்டி இங்கிலாந்து’ மேலே இருந்தது. அதைப் படமெடுக்கப் போதிய வெளிச்சமும் இருந்தது. கீழே இருந்தவர்களைப் பற்றிக் கம்பெனி வைத்துக்கொள்ள விரும்பிய அடையாளம் வேறு. தொழிலாளிகளின் விரல்ரேகையைப் பதிந்து வைக்கும் திட்டத்தை எதிர்த்துத்தான் 1930-இல் தங்கவயலில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தங்கம் கடத்திவிடுவார்களோ என்ற அச்சத்தில் மேலே வரும் ஒவ்வொருவரையும் சோதனை போட்ட இடம் அது. தொழிலாளி தன் சொந்தக் கேமராவோடு கேஜ் என்ற கூண்டில் இறங்குவதைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

தொழில்நுட்பமும் கைகொடுக்கவில்லை. 1900-இல் ஜெர்மனியின் கோயர்ஸ் கம்பெனி ஹைப்பர்கான் என்ற லென்ஸை வெளியிட்டது. கோலிக்குண்டை இரண்டாகப் பிளந்து உள்ளே குடைந்தாற்போன்ற இரண்டு கண்ணாடிகள் மட்டுமே அதில். 130 டிகிரிக்கு மேல் பார்த்தது. ஆனால் நடுவில் வெளிச்சம் அதிகம் விழும், ஓரங்களில் மங்கிப்போகும். அதைச் சமன்செய்ய லென்ஸுக்கு முன்னால் நட்சத்திர வடிவத் தகடு ஒன்றை வைத்தார்கள். ரப்பர் குமிழை அழுத்திக் காற்றூதினால் அது சுழன்று நடுப்பகுதியின் ஒளியைத் தடுக்கும். முதலில் அதைச் சுழலவிட்டு, பிறகு தகட்டை விலக்கி, மிச்ச நேரம் படமெடுக்க வேண்டும். துளையோ எஃப் 22. நல்ல வெயிலில் கட்டடம் எடுக்க ஏற்றது. மெழுகுவர்த்தி எரியும் மூன்றடிச் சந்துக்கு அல்ல.

1902 ஜூன் 30 அன்று தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. திவான் சேஷாத்ரி ஐயர் முன்நின்ற திட்டம் அது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளில் அது முன்வரிசையில் நின்றது. பெங்களூருத் தெருவில் விளக்கு எரிந்தது 1905-இல்தான். மின்சாரம் முதலில் போன இடம் அழுத்தக்காற்று இயந்திரங்களும் அரவை ஆலைகளும். வெட்டும் முகத்தில் நின்றவர்களுக்கு மெழுகுவர்த்தியும், பின்னாளில் கார்பைடு விளக்கும், அதற்குப் பிறகு இடுப்பில் பேட்டரியும் தொப்பியில் விளக்கும் என்று வெளிச்சம் மெதுவாகத்தான் மாறியது.

தங்கவயலுக்கு மின்சாரம் வந்து நான்காண்டு ஆனபோது, 1906-இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ் வுட் ஒரு தகர வாளியை எடுத்தார். அடியில் ஒளிப்படத் தட்டு, ஏறத்தாழப் பாதி உயரத்தில் ஊசித்துளையோடு ஒரு சிறு லென்ஸ், வாளி நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் எப்படித் தெரியும் என்பதுதான் அவர் கேள்வி. ஒளி காற்றிலிருந்து தண்ணீருக்குள் நுழையும்போது வளைவதால், கீழ்வானம் முதல் கீழ்வானம் வரையுள்ள 180 டிகிரியும் தண்ணீருக்குள் ஏறத்தாழ 97 டிகிரிக் கூம்புக்குள் சுருங்கி வந்துவிடும். வுட்டின் வாளி அதைப் படமாகவே காட்டியது. ‘மீன்கண் காட்சி’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

சாதாரண லென்ஸால் ஏன் இது முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டப் பாடுபடுகிறது. கோணம் கூடக்கூடப் படத்தின் ஓரம் இழுபட்டுக்கொண்டே போகும். 180 டிகிரியை அந்த முறையில் விரிக்க எல்லையே இல்லாத ஃபிலிம் வேண்டும். மீன்கண் அந்தப் பிடிவாதத்தை விட்டுவிடுகிறது. கோடு வளைந்தால் வளையட்டும், எந்தப் பொருள் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது தவறக்கூடாது என்று வைத்துக்கொள்கிறது. நடுவிலிருந்து எத்தனை டிகிரி தள்ளியோ, படத்தில் அதற்கேற்ற தூரம். அதனால்தான் இந்த லென்ஸ் முதலில் கலைஞர்களிடம் போகாமல் அளவெடுப்பவர்களிடம் போனது.

1922-இல் டபிள்யூ. என். பாண்ட் வாளித் தண்ணீருக்குப் பதில் அரைக்கோளக் கண்ணாடியை வைத்து மேகங்களைப் பதிந்தார். 1924-இல் கேம்பிரிட்ஜின் ராபின் ஹில் அதை உண்மையான லென்ஸாக்கினார். முன்னால் உட்புறம் ஆழக் குழிந்த பெரிய கண்ணாடி ஒன்று, பிறகு இடைவெளி, அப்புறம் மற்றக் கண்ணாடிகள். முன்கண்ணாடி பக்கவாட்டில் வரும் ஒளியையெல்லாம் உள்ளே மடக்கிக் கொடுக்கும். லண்டனின் பெக் நிறுவனம் அதைச் செய்து விற்றது. இன்றைய மலிவு மீன்கண்களின் முன்னாலும் அதே குழிந்த கண்ணாடிதான் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. ஒளிச்சேர்க்கை படித்த மாணவர்களுக்கு ‘ஹில் வினை’ நினைவிருக்கும். அந்த ஹில்லும் இந்த ஹில்லும் ஒரே ஆள். தாவரம் ஒளியை எப்படிப் பயன்படுத்துகிறது என்று ஆராய்ந்தவர் செய்த லென்ஸை, 1950-களின் இறுதியில் தாவரவியலாளர்கள் காட்டின் விதானத்தைக் கீழிருந்து படம் பிடித்துத் தரைக்கு வரும் வெயிலைக் கணக்கிடப் பயன்படுத்தினார்கள்.

வானிலை, காடு. இரண்டுமே மேலே பார்ப்பவை. பூமிக்குள் பார்க்க இந்தக் கண்ணைக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் யாருக்கும் முதலில் வந்ததாகத் தெரியவில்லை.

நிகான் கம்பெனி 1957-இல் மீன்கண் கேமரா ஒன்றை வானிலைத் துறைகளுக்காகச் செய்தது. 1962-இல் சாதாரணக் கேமராவில் மாட்டக்கூடிய 8 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்தது. அதே 1962 டிசம்பரில்தான் தங்கவயல் மைசூர் மாநில அரசின் கையிலிருந்து மத்திய அரசின் கைக்கு மாறியது. அந்த நிகான் லென்ஸின் பின்பகுதி கேமராவின் வயிற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயிருக்கும் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் மாட்ட முடியும். அதனால் லென்ஸ் வழியே பார்க்க இயலாது, தனி வியூஃபைண்டர் வேண்டும். ஃபோகஸ் வளையமே கிடையாது. விலை, பெரிய ஸ்டூடியோக்களையே யோசிக்க வைத்த விலை.

அதே காலத்தில் இந்தியச் சாமானியன் கைக்கு வந்த கேமரா பரோடாவில் தயாரான ஆக்ஃபா க்ளிக் 3. அதற்கும் ஃபோகஸ் வளையம் கிடையாது, விலை மலிவு என்பதால். உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிம் பின்னர் வந்தது. கல்யாணம், காதுகுத்து, வெயிலில் வரிசையாக நிற்கவைத்த குடும்பம் என்று தங்கவயல் தொழிலாளிகளின் லைன் வீடுகளின் சுவரில் தொங்கிய படங்களுக்கு அந்த எளிய கேமராக்களும் ராபர்ட்சன்பேட்டை ஸ்டூடியோக்களும் போதுமானவை. குடும்பத்தலைவர் எட்டு மணி நேரம் எங்கே நின்று வேலை செய்தார் என்பதற்கு மட்டும் வீட்டில் படம் இருக்காது.

ஆனால் அதே பத்தாண்டில், தங்கவயலின் அடியாழத்தில் கேமராக்கள் இரவும் பகலும் காத்துக்கொண்டிருந்தன என்பதுதான் இந்த வரலாற்றின் வியப்பான பக்கம்.

அது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. வானத்திலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் பிள்ளைகளான மியூவான்கள் தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் விழுகின்றன. ஆழத்தில் அவை எப்படிக் குறைகின்றன என்று பார்க்க ஹோமி பாபா 1951-இல் பி. வி. ஸ்ரீகண்டன் என்ற இளைஞரைத் தங்கவயலுக்கு அனுப்பினார். நஞ்சன்கூட்டில் பிறந்த ஸ்ரீகண்டன் பின்னாளில் அந்த நிறுவனத்துக்கே இயக்குநரானார். 1960-61 வாக்கில் ஒசாகாவின் சபுரோ மியாகே, வி. எஸ். நரசிம்மம், பி. வி. ரமணமூர்த்தி ஆகியோர் இன்னும் கீழே கருவிகளை இறக்கினார்கள். மிக ஆழமான இடத்தில் இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை. மற்ற இடங்களில் இதைத் தோல்வி என்பார்கள். இவர்களுக்கு அதுவே வாய்ப்பாயிற்று. மேலிருந்து எதுவும் வரமுடியாத இடத்தில் ஏதாவது ஒன்று பதிவானால், அது பாறைக்குள் புகுந்து வந்த நியூட்ரினோ என்ற துகள் உண்டாக்கியதாகத்தான் இருக்க வேண்டும்.

எம். ஜி. கே. மேனன் தலைமையில் டாடா நிறுவனமும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் சேர்ந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்ட் அருகே, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தார்கள். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் சுவர், நடுவில் ஈயத் தகடுகள், அவற்றுக்கு இடையே வரிசை வரிசையாக நியான் அடைத்த கண்ணாடிக் குழாய்கள். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று இரண்டு சுவர்களையும் கடந்தால் அந்த நொடியில் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் கடந்து போன குழாய்கள் மட்டும் செக்கச் சிவந்து மின்னும். கேமரா அந்த மின்னலைப் படமெடுத்துவிடும். இருட்டில் சிவப்புப் புள்ளிகள் கோடாக வரிசை கட்டி, துகள் வந்த வழியைச் சொல்லும்.

இந்த முறையில் ஒளிப்படக்காரருக்கு உள்ள வசதி, இருட்டே. வேறு ஒளி இல்லாத அறையில் ஷட்டரை அவசரமாகத் திறக்க வேண்டிய தேவையில்லை. மின்னல்தான் படத்தை எடுக்கிறது. பர்ரோவுக்கு எதிரியாக இருந்த அதே சுரங்க இருட்டு இங்கே கூட்டாளியாயிற்று. குழாய்கள் அசையாமல் ஒரே தூரத்தில் நிற்பதால் ஃபோகஸை ஒருமுறை வைத்தால் போதும்.

1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட ‘ஃபிசிக்ஸ் லெட்டர்ஸ்’ இதழில் இந்தக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டதாக உலகுக்கு அச்சில் வந்த முதல் அறிவிப்பு அது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையில் இருந்த ஃபிரெடெரிக் ரெய்னஸ் குழுவின் கட்டுரை இரண்டு வாரம் கழித்து வந்தது. அவர்களின் முதல் நிகழ்வு பதிவானது இதற்கு முன்பு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலகின் இரண்டு பெரிய தங்கச் சுரங்கங்கள், இரண்டின் அடியிலும் காத்திருந்த கருவிகள். 1980-களில் புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க 140 டன் இரும்பு அடுக்கோடு இன்னொரு சோதனை அங்கே ஓடியது. 1992 வாக்கில் எல்லாம் முடிந்தது.

தங்கவயலின் ஆழத்தில் எடுத்த படங்களில் மிக ஆழமானவை, மிகப் பொறுமையாக எடுத்தவை, உலக அறிவியல் வரலாற்றில் நிற்பவை இவைதான். அவற்றில் மனிதர் இல்லை. அறிவியலாளர்களைக் குறைசொல்வதற்கில்லை, அவர்கள் வந்த வேலை அது. அந்தக் கருவிகளைக் கேஜில் இறக்கி, ஈயத்தைச் சுமந்து, அறையைக் குடைந்து கொடுத்தது தங்கவயல் தொழிலாளிகளின் உழைப்பு. கண்ணுக்கே தெரியாத துகளைப் படம் பிடிக்க மூன்று நாடுகள் சேர்ந்து வழி கண்டுபிடித்த அதே இடத்தில், இரண்டடி தள்ளி நின்ற ஆளை அவர் வேலை செய்யும் இடத்தோடு சேர்த்துப் பிடிக்க யாரும் மெனக்கெடவில்லை. தங்கவயலின் படத்தொகுப்பில் உள்ள மிகப் பெரிய ஓட்டை இது.

மீன்கண் மலிவானது எப்போது என்று கேட்டால், சோவியத் ஒன்றியம் உடைந்தபிறகு என்று சொல்லலாம். மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலையின் 16 மி.மீ. ஜெனிட்டார், மின்ஸ்க் நகரத்துப் பெலோமோ ஆலையின் 8 மி.மீ. பெலெங் இரண்டும் மேற்குலகக் கடைகளுக்கு வந்தன. கனமானவை, உலோக உடம்பு, முழுக்கக் கையால் இயக்குபவை, ஜப்பான் விலையில் சிறு பங்கு. 2009-இல் தென்கொரியாவின் சம்யாங் 8 மி.மீ. எஃப் 3.5 லென்ஸைக் கொண்டுவந்து பல பெயர்களில் விற்றது. 2017 வாக்கில் சீனாவின் ஷென்சென் நகரத்து 7ஆர்ட்டிசன்ஸ் 7.5 மி.மீ. லென்ஸோடு வந்தது, டிடிஆர்ட்டிசன், மெய்கே என்று பிறகு ஒரு கூட்டமே வந்தது. கண்ணாடியில்லாத சிறிய கேமராக்கள் பரவியதும் இதற்கு உதவியது. 1962-இல் நிகான் தூக்கிப் பூட்டச் சொன்ன கண்ணாடி இவற்றில் இல்லவே இல்லை.

இவற்றில் ஒன்றை முதன்முதலாகக் கையில் எடுப்பவருக்குச் சில விஷயங்கள் உடனே தெரியும். உள்ளங்கையில் அடங்கும் உருவத்துக்கு எதிர்பாராத கனம், உலோகம். முன்கண்ணாடி உருண்டு வெளியே நிற்பதால் ஃபில்டர் மாட்ட இடமில்லை, விரல்ரேகை படாமல் பிடிப்பதே ஒரு பழக்கம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பு கிடையாது. ‘லென்ஸ் இல்லாமலும் படமெடு’ என்ற அமைப்பை மெனுவில் தேடிப்பிடித்து இயக்கினால்தான் கேமரா க்ளிக் செய்யும். முதல் படத்தில் எடுத்தவரின் கட்டைவிரலோ செருப்பு நுனியோ நிச்சயம் இருக்கும். வெயிலுக்கு எதிரே மரக்கிளை வந்தால் ஓரங்களில் ஊதா விளிம்பு தெரியும். மூலைகள் முழுத் துளையில் கொஞ்சம் மசமசவென்று இருக்கும்; எஃப் 8-க்குக் குறைத்தால் தெளிந்துவிடும்.

கையால் ஃபோகஸ் செய்ய வேண்டுமே என்று தயங்குபவர்கள் ஒரு கணக்கை அறிந்தால் போதும். 7.5 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, தூரத்தை ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பிவிட்டால், முக்கால் அடியிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாமே தெளிவு. பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். ஆட்டோஃபோகஸ் மோட்டாருக்கு இங்கே வேலையே இல்லை. அதை விட்டதால்தான் விலையும் இறங்கியது. ஆக்ஃபா க்ளிக் 3 ஏழைக்குக் கொடுத்த சலுகையை இந்த லென்ஸ் கணிதத்தின் பலத்தில் கொடுக்கிறது. மூன்றடிச் சந்தில் நிற்பவருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இருந்திருக்க முடியாது.

அந்தச் சந்துகள் இன்று தண்ணீருக்குள். மேலே மிச்சமிருப்பவற்றில் இந்த லென்ஸுக்கு ஏற்ற இடங்கள் இன்னும் உண்டு. மாரிக்குப்பம், உரிகம், சாம்பியன் ரீஃப் லைன்களின் ஒற்றை அறை வீடுகள் முதலாவது. சாதாரண லென்ஸோடு வாசலில் நின்றால் எதிர்ச்சுவர் மட்டும் தெரியும். மீன்கண்ணை அறை மூலையில் வைத்தால் அடுப்பு, சாமிப்படம் அல்லது அம்பேத்கர் படம், பரணில் அடுக்கிய பாத்திரம், கட்டிலில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளி எல்லாம் ஒரே படத்தில் ஒன்றுக்கொன்று உள்ள நெருக்கத்தோடு வரும். பாறைத்தூசி நுரையீரலில் படிந்து உண்டான சிலிகோசிஸோடு வாழ்பவர்கள் இருக்கும் வீடுகள் அவை. எடுப்பவர் ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மனித முகத்தைப் படத்தின் நடுவிலேயே வைக்க வேண்டும். ஓரத்துக்குப் போனால் லென்ஸ் முகத்தை இழுத்துக் கேலிப்படமாக்கிவிடும். நூறாண்டு சரியாகப் படமெடுக்கப்படாதவர்களை இப்போது கோணலாக எடுப்பது அநியாயம்.

இரண்டாவது, ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள். அரைத்த பாறைத்தூளில் தங்கத்தைச் சயனைடால் பிரித்தபின் கொட்டிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கும் மேல். பதின்மூன்று மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூசு லைன் வீடுகளின் சோற்றுத்தட்டு வரை வரும். ‘கேஜிஎஃப்’ படத்தின் அரங்கு அங்கேதான் எழுந்தது, பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வட ஆற்காட்டிலிருந்து போனவர்களின் கதையை 2024-இல் திரைக்குக் கொண்டுவந்தது. சினிமா காட்டியதை உலகம் பார்த்தது. அந்த மேட்டுக்கும் கீழேயிருக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதை அது காட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. கோணத்தைத் தவறாமல் காட்டும் மீன்கண் அதைக் காட்டும். கீழ்வானக் கோட்டைப் படத்தின் சரிநடுவே வைத்தால் அது வளையாது. கேமராவைச் சற்று மேலே தூக்கினால் மேடு குழிந்து தெரியும், கீழே சாய்த்தால் புடைத்து மலையாகிவிடும். உள்ளதை உள்ளபடி பதிய நினைப்பவர் கேமராவை மட்டமாகப் பிடிக்கப் பழக வேண்டும். சிறிய நீர்மட்டக் குமிழ் ஒன்றைக் கேமராத் தலையில் செருகிக்கொண்டால் போதும்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்தப் பதின்மூன்று மேடுகளிலும் ஆயிரம் ஏக்கர் அளவில் மேற்பரப்புச் சுரங்க வேலைக்கு ஒப்புதல் கொடுத்தது. மிச்சத் தங்கத்துக்காக மேடுகள் மறுபடி கரைக்கப்படலாம். அதற்கு முன் ஒவ்வொரு மேட்டையும், அதன் அடியிலிருக்கும் ஒவ்வொரு லைனையும், நாலு திசையிலிருந்தும் தேதியும் இடமும் குறித்துப் படமெடுத்து வைக்க வேண்டும். அதற்கான கருவியின் விலை இன்று ஒரு நடுத்தரக் கைப்பேசியை விடக் குறைவு. பர்ரோவுக்கு ஸ்டூடியோவும் உதவியாட்களும் தேவைப்பட்டன, டாடா நிறுவனத்துக்கு மூன்று நாட்டுக் கூட்டணி தேவைப்பட்டது. இந்த வேலைக்கு ஆண்டர்சன்பேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ உள்ள ஒரு கல்லூரி ஒளிப்பட மன்றம் போதும். இறங்கி வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். எந்தத் தளத்தில், எந்தப் பக்கம் முகம் வைத்து, எவ்வளவு அகலத்தில் நின்றோம் என்று அவர்களால் சொல்ல முடியும். தங்கள் வீட்டு அறைக்குள்ளேயே சுண்ணக்கட்டியால் மூன்றடி அளந்து, கோடு போட்டுக் காட்டவும் முடியும்.